ஜப்பானிலிருந்து குடவாசலுக்கு நேர்வழி: அனிமே டப்பிங் பற்றி ஓர் ஆய்வு

குடவாசல் வட்டாரத்தில் இன்று கல்லூரிக்குப் போகும் வயதில் இருப்பவர்களிடம் நோபிட்டா யார், ஷின்சான் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கும்பகோணம் திருவாரூர் சாலையில், நெல்வயல்கள் சூழ்ந்த இந்தச் சிற்றூரின் வீடுகளுக்கு அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரத் தொடர்கள் வந்து சேர்ந்தது தமிழ்க் குரலில்தான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கைபேசியில் நருட்டோவும் ஜுஜுட்சு கைசெனும் பார்க்கத் தொடங்கியபோது, உலகம் முழுவதும் அனிமே ரசிகர்கள் நடத்திவந்த ஒரு வாதம் அவர்களையும் வந்தடைந்தது. மூலக் குரலோடு சப்டைட்டில் படித்துப் பார்ப்பதா, டப்பிங்கில் பார்ப்பதா? டப்பிங் என்றால் அது மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா?

இந்த வாதம் பெரும்பாலும் ஆங்கில டப்பிங்கைச் சுற்றியே வளர்ந்தது. ஆங்கில ரசிகர்கள் அறுபது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த குறைகளின் பட்டியல் நீளமானது. அவற்றை அப்படியே தமிழுக்கு ஏற்றிச் சொல்வோரும் உண்டு. தமிழ் டப்பிங் குழந்தைகளுக்கானது, தேர்ந்த ரசிகர் அதைத் தொடமாட்டார் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டும் சரியல்ல என்பது என் கருத்து. தமிழ் அனிமேயின் பெரிய குறை, ஜப்பானியத்துக்கும் நமக்கும் நடுவே ஆங்கிலம் நிற்பது. அது விலகினால், ஆங்கில டப்பிங்கால் செய்ய முடியாத பலவற்றைத் தமிழால் இயல்பாகவே செய்ய முடியும். இந்தக் கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது.

ஆங்கில டப்பிங்கின் வரலாறும் அது விட்டுச் சென்ற மனக்குறையும்

ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ 1963-ல் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய அதே ஆண்டு அமெரிக்காவிலும் ஆங்கிலத்தில் வந்தது. அன்று முதல் 1990-கள் வரை, அங்குள்ள நிறுவனங்கள் ஜப்பானியத் தொடர்களைக் கச்சாப் பொருளாகவே நடத்தின. பெயரை மாற்றலாம், வெட்டலாம், இசையை மாற்றலாம், கதையையே மாற்றலாம் என்பதுதான் நிலை. 1985-ல் வந்த ‘ரோபோடெக்’, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று ஜப்பானியத் தொடர்களை ஒட்டி ஒரே கதையாக்கியது. அதே ஆண்டு ஹயாவோ மியாசாகியின் ‘நவுசிகா’ இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டப்பட்டு, ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்ற வேறு பெயரில் அமெரிக்காவில் வெளியானது. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் தங்கள் படங்களை வெட்டக் கூடாது என்பதில் மியாசாகியின் ஜிப்லி நிறுவனம் உறுதியாக நின்றது. ‘பிரின்சஸ் மொனோநோகே’ 1999-ல் அமெரிக்காவுக்குப் போனபோது வெட்டில்லாமல் போனது; ஆங்கில வசனத்தை எழுத்தாளர் நீல் கெய்மன் எழுதினார்.

தொலைக்காட்சியில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1995-ல் ஆங்கிலத்தில் வந்த ‘சைலர் மூன்’ தொடரில் உசாகி என்ற நாயகி செரீனா ஆனாள். பின்னர் வந்த பருவத்தில், ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்கள் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கப்பட்டார்கள். ‘போக்கேமான்’ தொடரில் பாத்திரங்கள் கையில் பிடித்திருந்தது சோற்று உருண்டை; ஆங்கிலக் குரல் அதை ஜெல்லி வைத்த டோனட் என்றது. 2004-ல் வந்த ‘ஒன் பீஸ்’ ஆங்கில வடிவத்தில், சாஞ்சி என்ற பாத்திரத்தின் வாயிலிருந்த சிகரெட் லாலிபாப்பாக மாறியது. சோறு தின்னும் நமக்கு அந்த டோனட் வசனம் ஏன் உறுத்த வேண்டும் என்று கேட்கலாம். பார்ப்பவன் கண்முன் இருப்பதையே குரல் மறுக்கிறது என்பதுதான் அதிலுள்ள வருத்தம். மற்றொரு நாட்டுப் பிள்ளைகள் சோறு தின்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அந்த வசனம் அமெரிக்கப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டது.

2001-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த ‘கவ்பாய் பீபாப்’ இந்தக் கதையில் ஒரு திருப்பம். நல்ல நடிகர்கள், நல்ல எழுத்துப்படி, பொறுமையான இயக்கம் இருந்தால் ஆங்கில டப்பிங்கும் ஒரு கலைப்படைப்பாக நிற்கும் என்பதை அது காட்டியது. மூலத்தை விட்டு ஆங்கிலத்திலேயே பார்க்கலாம் என்று தீவிர ரசிகர்களே சொல்லும் சில தொடர்களில் அதுவும் ஒன்று. டப்பிங் என்ற கலையைக் குறைசொல்ல இடமில்லை, அதைச் செய்யும் முறையில்தான் குறை இருக்கிறது என்பதற்கு இது சான்று.

ஆயினும் குறைகள் தீரவில்லை. 2019-ல் ‘எவஞ்சலியன்’ புதிய ஆங்கில மொழிபெயர்ப்போடு நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, இரண்டு இளைஞர்களுக்கிடையே சொல்லப்படும் அன்பின் அளவை மொழிபெயர்ப்பு குறைத்துவிட்டது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. 2022-ல் ‘மாப் சைக்கோ 100’ தொடரின் மூன்றாம் பருவத்தில், முதன்மைப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்துவந்த கைல் மெக்கார்லி, நடிகர் சங்கத்தோடு பேச்சு நடத்த டப்பிங் செய்த நிறுவனம் முன்வராததால் தான் தொடரப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்.

தொகுத்துப் பார்த்தால் ஆங்கில ரசிகரின் குறைகள் ஐந்து வகை. பெயரையும் பண்பாட்டையும் மாற்றுவது, வெட்டுவது, பாத்திரத்துக்குப் பொருந்தாத குரல், பொருளை மழுங்கச் செய்யும் மொழிபெயர்ப்பு, குரல் கலைஞர்களை நடத்தும் விதம். இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பக்கம் வருவோம்.

டெல்டாவின் கூடங்களுக்கு அனிமே வந்த வழி

2006-ல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. காவிரிப் படுகையின் கூரை வீடுகளுக்கும் தொகுப்பு வீடுகளுக்கும் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி தொடங்கியது. அதில் வந்த ஜாக்கி சானும் டோராவும் அமெரிக்கத் தயாரிப்புகள்தாம். ஆனால் சித்திரப் பாத்திரம் நம் வீட்டுத் தமிழில் பேசும் என்ற பழக்கத்தை ஒரு தலைமுறைக்கு உண்டாக்கியவை அவை. அதே காலத்தில் ஹங்காமா, நிக் போன்ற அகில இந்தியச் சேனல்களின் தமிழ் ஒலித்தடம் வழியாக டோரேமான், ஷின்சான், நிஞ்சா ஹட்டோரி ஆகிய ஜப்பானியத் தொடர்கள் வந்தன. 2022-ல் நருட்டோ தொலைக்காட்சியில் தமிழ் பேசியது. அதே ஆண்டு கிரஞ்சிரோல் என்ற அனிமே தளம் இந்தியாவுக்கான மாதக் கட்டணத்தை 79 ரூபாயாகக் குறைத்தது. பிறகு இந்தியோடு தமிழ், தெலுங்கு டப்பிங்கையும் சேர்த்தது. 2024-ல் வந்த ‘சோலோ லெவலிங்’ தமிழிலும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது, ஜப்பானிய மூலத்தோடு ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகியவையும் ஒன்றாக வந்தன.

இருபது ஆண்டுக்குள் நடந்த இந்தப் பயணத்தில் தமிழ் ரசிகர் பெருமைப்பட வேண்டிய ஒன்று உண்டு. 2014-ல் டோரேமான் அமெரிக்காவுக்குப் போனபோது நோபிட்டா நோபி ஆனான். ஷிசுக்கா சூ ஆனாள். ஜியான் பிக் ஜி ஆனான். சுனியோ ஸ்னீச் ஆனான். யென் டாலரானது, சாப்பிடும் குச்சிகள் முள்கரண்டியாக மாற்றி வரையப்பட்டன. குடவாசல் பிள்ளைக்கோ, ஜப்பானில் அவர்களுக்கு இருக்கும் அதே பெயர்கள்தாம் தெரியும். நோபிட்டாவை நோபிட்டா என்றே அழைப்பதால் ஒரு தமிழ்க் குழந்தைக்கும் கதை விளங்காமல் போகவில்லை. அந்நியப் பெயர் குழந்தைக்குப் புரியாது என்று பெரியவர்கள் நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு நம் ஊரே சான்று.

போக்கேமானில் நடந்தது வேறு. அதன் நாயகனுக்கு ஜப்பானில் சதோஷி என்று பெயர். அமெரிக்க வடிவம் அவனை ஆஷ் ஆக்கியது. இந்தியாவுக்கு வந்தது அந்த அமெரிக்க வடிவத்தைத் தழுவிய தொடர் என்பதால், இங்கேயும் அவன் ஆஷ்தான். அவன் தோழன் தகேஷி இங்கும் ப்ராக்தான். ஒரே சேனல் வரிசையில், ஒரே காலத்துப் பிள்ளைகளுக்கு, நோபிட்டா தன் பெயரோடு வந்தான். சதோஷி தன் பெயரை அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்தான். தமிழ் டப்பிங்கின் தரத்தை நிர்ணயிப்பது தமிழா, அதற்குக் கொடுக்கப்படும் மூலமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஷின்சான் இன்னொரு பாடம். ஜப்பானில் பெரியவர்களுக்கான இதழில் தொடங்கிய கதை அது. அமெரிக்காவில் 2006-ல் வந்த ஆங்கில வடிவம், வசனங்களைப் பெரிதும் மாற்றி எழுதி, இரவு நேரத்தில் பெரியவர்கள் பார்க்கும் நகைச்சுவையாக அதை ஆக்கியது. இந்தியாவில் அது குழந்தைகள் சேனலுக்கு வந்தது. 2008-ல் மத்திய அரசு தடை விதித்தது. 2009-ல் வெட்டுகளோடு திரும்பி வந்தது. ஒரே படைப்பு மூன்று நாடுகளில் மூன்று படைப்பாக நிற்கிறது. குழந்தைகள் நேரத்தில் சில காட்சிகளை வெட்டுவது நியாயம்தான். பெற்றோரின் கவலையை எள்ளி நகையாடக் கூடாது. ஆனால் வெட்டப்பட்ட வடிவம் மட்டுமே தமிழில் உண்டு என்ற நிலை நீடித்தால், வளர்ந்த ரசிகர் தன் மொழியில் முழுப் படைப்பைப் பார்க்க வழியில்லை. வயதுக்கேற்ற இரண்டு வடிவங்கள் இருப்பதே இதற்குத் தீர்வு.

சப்டைட்டிலா, டப்பிங்கா?

ஆங்கில உலகில் இது ரசனை சார்ந்த கேள்வி. தன் தாய்மொழியில் சப்டைட்டிலைப் படிப்பவர், தன் தாய்மொழியில் டப்பிங் கேட்பவரோடு வாதிடுகிறார். இருவருக்கும் இரண்டும் புரியும். நம் ஊரில் நிலைமை வேறு. அனிமேக்குத் தமிழ் சப்டைட்டில் மிகக் குறைவு, கிடைப்பது ஆங்கிலம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவன், ஓடும் ஆங்கில வரிகளைப் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கும், கூடத்தில் உடன் உட்கார்ந்து பார்க்கும் பாட்டிக்கும், பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் சப்டைட்டில் பயன்படாது. இங்கே “மூலத்தில் பார்” என்று சொல்வது, பெரும்பாலும் “ஆங்கிலம் படித்துவிட்டு வா” என்று சொல்வதாகவே முடிகிறது. ரசனையின் பெயரால் ஒரு வாசல் அடைக்கப்படுவதை நாம் ஏற்கக் கூடாது.

டப்பிங்குக்கு வாசலைச் சாத்திய அனுபவமும் பக்கத்து மாநிலத்தில் உண்டு. கர்நாடகத்தில் 1960-களிலிருந்து பிறமொழிப் படங்களும் தொடர்களும் கன்னடத்தில் டப் செய்யப்படாமல் திரைத்துறை அமைப்புகள் தடுத்துவந்தன. கன்னடத் திரைத்தொழிலைக் காக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். 2015-ல் இந்தியப் போட்டி ஆணையம் இந்தத் தடுப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்த பிறகே நிலைமை தளர்ந்தது. கன்னடம் மட்டும் அறிந்த பார்வையாளர் பல ஆண்டுகள் பிறமொழிப் படைப்புகளைத் தன் மொழியில் கேட்க முடியாமல் இருந்தார். தமிழ்நாடு எடுத்த வழி வேறு. ஏ.வி. மெய்யப்பனின் கன்னட ‘ஹரிச்சந்திரா’ 1944-ல் தமிழ்க் குரலோடு வந்தது. இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று அறியப்படுவது அதுதான். எண்பது ஆண்டுப் பழக்கமும் தேர்ந்த கலைஞர்களும் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களும் நம்மிடம் உண்டு.

மூலக் குரலை விரும்புவோர் சொல்வதிலும் பெரும் உண்மை இருக்கிறது. ஜப்பானில் குரல் நடிப்பு தனிக் கலை. அதற்கெனப் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. மசாகோ நொசாவா என்ற அம்மையார் 1986 முதல் ‘டிராகன் பால்’ தொடரின் கோக்குவுக்குக் குரல் கொடுத்துவருகிறார்; கோக்குவின் பிள்ளைகள் கோஹனுக்கும் கோட்டெனுக்கும் அவர் குரல்தான். நருட்டோவின் குரல் ஜுங்கோ தகேயுச்சி என்ற பெண்ணுடையது. கோக்கு வளர்ந்து குடும்பஸ்தனான பின்னும் அந்தப் பிள்ளைக் குரல் மாறாததால், உடல் வலுவுக்குள் இருக்கும் கள்ளமின்மை ஜப்பானியப் பார்வையாளருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆண் குரல் வந்ததும் அவன் வழக்கமான வீரனாகிவிட்டான் என்று ரசிகர் பலர் வருந்துகிறார்கள். இந்த இழப்பைத் தமிழ் தவிர்க்க முடியும். சிறுவர் பாத்திரத்துக்குப் பெண்கள் குரல் கொடுப்பது தமிழ்த் திரையில் வெகுநாள் வழக்கம். அதற்குத் தேர்ந்த கலைஞர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஆகவே நமக்கு வேண்டியது இரண்டும். நல்ல தமிழ் டப்பிங். அதோடு ஜப்பானிய மூலக் குரலுக்குத் தமிழிலேயே சப்டைட்டில். இரண்டாவது கிடைத்தால்தான் தமிழ் ரசிகர் ரசனையின் அடிப்படையில் தேர்ந்தெடுக்க முடியும்.

நடுவில் நிற்கும் ஆங்கிலம்

இந்தியாவில் ஜப்பானியத் தொடர்களின் எழுத்துப்படி பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து, சில வேளை இந்தியிலிருந்து, தமிழாக்கப்படுகிறது. ஜப்பானிய மொழியும் தமிழ் எழுத்தும் ஒருசேரக் கைவந்த மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு என்பதும், குறுகிய காலக்கெடுவும் இதற்குக் காரணம். இதனால் இழப்பது என்ன என்பதை மொழியின் அமைப்பைப் பார்த்தால் உணரலாம்.

ஜப்பானியத்திலும் தமிழிலும் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் வரும். ஒருவன் செய்தானா செய்யவில்லையா என்பது கடைசி அசையில்தான் தெரியும். அனிமே இயக்குநர்கள் இந்த இயல்பை நன்கு பயன்படுத்துவார்கள். வாக்கியம் நீண்டுகொண்டே போகும், முகம் அருகில் வரும், கடைசிச் சொல்லில் உண்மை வெளிப்படும். ஆங்கில வாக்கியத்தில் அந்த உண்மை பெரும்பாலும் நடுவிலேயே வெளிவந்துவிடும். பிறகு வாயசைவை நிரப்ப வேறு சொற்களைப் போட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குபவர் அந்த நிரப்புச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்குகிறார். நேராக ஜப்பானியத்திலிருந்து வந்தால் வாக்கியமும் படமும் ஒரே இடத்தில் முடியும்.

வாயசைவிலும் இந்தப் பொருத்தம் உண்டு. ஜப்பானிய அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். பேச்சுத் தமிழும் சொல்லின் கடைசியில் உயிரை விரும்புகிறது. மெய்யில் முடியும் சொற்களைக்கூட உகரம் சேர்த்துச் சொல்கிறோம். தொலைக்காட்சி அனிமேயில் வாய், மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என்று சில வடிவங்களிலேயே பெரும்பாலும் வரையப்படுகிறது. திறந்த வாயில் முடியும் சொற்கள் நிறைந்த மொழிக்கு அது எளிது.

உறவும் மரியாதையும் இன்னும் பெரிய செய்தி. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதில்தான் ஜப்பானியக் கதையின் பாதி நடக்கிறது. உறவில்லாத மூத்த பையனையும் அண்ணன் முறையில் அழைப்பது, ஆசிரியரைப் பெயர் சொல்லாமல் அழைப்பது, பெயரோடு மரியாதை ஒட்டு சேர்ப்பது, ஒருநாள் அந்த ஒட்டு விழுந்து நெருக்கம் வருவது என்று எல்லாமே கதையை நகர்த்தும். ஆங்கிலத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க நேர்கிறது. எதிரில் இருப்பவர் யாரானாலும் ஒரே முன்னிலைச் சொல்தான். ஆங்கில ரசிகர்கள் அதிகம் வருந்துவது இந்த இழப்புக்காகத்தான். தமிழில் அண்ணன், அக்கா, சார், டீச்சர், நீ, நீங்க, வாங்க, வாடா என்று படிப்படியாக எல்லாம் இருக்கிறது. ஷின்சானின் அம்மா மிசாயே தன் கணவரைப் பெயர் சொல்லாமல் விளிக்கும் விளிக்குத் தமிழில் “என்னங்க” என்று பொருத்தமான இணை இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியப் பிள்ளை சொல்வதும் போய்விட்டுத் திரும்பி வருவேன் என்றுதான். நம் வீடுகளில் அது “போயிட்டு வரேன்”. ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவில் நின்றால், அங்கே தேய்ந்துபோன, விடைபெறும் ஒரு சொல் தமிழில் “பை” என்று வந்து விழுகிறது. நம்மிடம் இருந்த ஒன்றை நாமே இழந்து வாங்கிக்கொள்கிறோம்.

இந்த நடுவழியின் விளைவு ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ படத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து, ஜப்பானியக் கலைஞர்களின் உழைப்பில் உருவாக்கிய அந்தப் படம் 1993-ல் திரையிடப்பட்டது. இராமன் கதை, ஜப்பானிய ஓவியம். ஆனால் மூல வசனம் ஆங்கிலத்தில். திரையரங்கில் அது தமிழ் பேசியது 2025 ஜனவரியில்தான். கம்பன் பிறந்த ஊரான தேரழுந்தூரைத் தன்னகத்தே கொண்ட காவிரிப் படுகைக்கு, இராமாயண அனிமே ஆங்கிலத்தைக் கடந்துதான் வர முடிந்தது.

எந்தத் தமிழ்?

நேராக மொழிபெயர்த்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். தமிழ் டப்பிங்கில் இன்று கேட்பது பெரும்பாலும் இரண்டு தமிழ். ஒன்று, யாரும் பேசாத எழுத்துத் தமிழ்: “நான் உன்னை விடமாட்டேன், இதுவே உன் முடிவு” என்ற வகை. மற்றொன்று, சென்னைப் பேச்சும் சினிமா பஞ்ச் வசனமும் கலந்த நகைச்சுவைத் தமிழ். இரண்டாவதற்கு ஒரு நியாயம் உண்டு. ஷின்சான் போன்ற குறும்புக் கதைக்கு அது உயிர் கொடுத்தது. குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் நண்பன் சாகும் காட்சியிலும் திரைப்பட வசனம் ஒலித்தால், அங்கே அழவேண்டியவர் சிரித்துவிடுகிறார். எந்தக் கதைக்கு எவ்வளவு உள்ளூர்மயம் என்று முடிவு செய்வது வசன இயக்குநரின் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் பொருந்தாது.

வட்டார வழக்கையும் யோசிக்க வேண்டும். ஜப்பானியத் தொடர்களில் ஒசாகா வட்டாரப் பேச்சு, கிராமத்துப் பேச்சு, பழைய சாமுராய்ப் பேச்சு என்று பாத்திரங்கள் பிரித்து அறியப்படுகின்றன. தமிழில் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினால் அந்த வேறுபாடு போய்விடும். கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் நமக்கு இருக்கின்றன. அவற்றைக் கேலிக்காக இல்லாமல், பாத்திரத்தின் ஊரையும் வயதையும் உணர்த்தப் பயன்படுத்தலாம்.

வெளியூர்க் கலைக்குத் தன் குரலைக் கொடுத்த அனுபவம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் மராட்டியக் கீர்த்தன மரபு தஞ்சைக்கு வந்தது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதன் அமைப்பையும் மெட்டுகளையும் ஏற்று, தமிழ்ப் பாடல்களையும் தமிழ்க் கேட்பவரின் உணர்வையும் சேர்த்துத் தமிழ்க் கதாகாலட்சேபமாக வளர்த்தார். மராட்டியத்தை நேராகக் கேட்டு, நேராக உள்வாங்கியதால் அது வேர்பிடித்தது. நல்ல தழுவலுக்குத் தேவையான இரண்டு தகுதிகள் அதிலிருந்து தெரிகின்றன: மூலத்தை அருகில் இருந்து கேட்பது, கேட்பவரின் மொழியை மதிப்பது.

குரலுக்குச் சொந்தக்காரர்கள்

நம் ரசிகரின் குறைகளில் நியாயம் மிகுந்தது, குரல் தொடர்ச்சி இல்லை என்பது. சேனல் மாறினால் குரல் மாறுகிறது. பருவம் மாறினாலும் மாறுகிறது. ஜப்பானில் டோரேமானுக்கு நோபுயோ ஓயாமா 1979 முதல் 2005 வரை குரல் கொடுத்தார். ஷின்சானுக்கு அகிகோ யாஜிமா 1992 முதல் 2018 வரை. குரல் மாறியபோது அது நாட்டுச் செய்தியானது. தமிழில் பல தொடர்களுக்கு யார் குரல் கொடுத்தார் என்பதே திரையில் வருவதில்லை. ஒரு தலைமுறையின் பிள்ளைப்பருவத்தைத் தங்கள் தொண்டையால் உருவாக்கிய கலைஞர்களின் பெயர் அந்தத் தலைமுறைக்கே தெரியாமல் இருப்பது அநீதி.

இன்னொரு பக்கம், பெரிய படங்களில் பெயர்பெற்ற நடிகரை அழைக்கும் போக்கு. 2019-ல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழ் வடிவத்தில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தபோது, முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரல் போய்விட்டதே என்று ரசிகர் பலர் குறைப்பட்டார்கள். அவர் நல்ல நடிகர் என்பதில் ஐயமில்லை. ரசிகர்கள் கேட்டது தொடர்ச்சியை. அனிமே திரைப்படங்கள் தமிழகத்தில் இன்னும் அதிகமாக வெளியாகும்போது இந்தத் தூண்டுதல் வரும். விளம்பரத்துக்கு நட்சத்திரம் உதவலாம். தொடருக்கு வேண்டியது பாத்திரத்தோடு வளரும் குரல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை இயந்திரக் குரல். 2025-ன் பிற்பகுதியில் அமேசான் பிரைம் வீடியோ, ‘பனானா ஃபிஷ்’ உள்ளிட்ட சில அனிமேக்களுக்குச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய ஆங்கில டப்பிங்கை வெளியிட்டது. உணர்ச்சியற்ற குரலைக் கேட்டு ரசிகர்களும் குரல் கலைஞர்களும் கடுமையாக எதிர்த்ததால் அது விலக்கப்பட்டது. சந்தை சிறியது, செலவு அதிகம் என்ற காரணம் காட்டி இந்த வழி முதலில் திணிக்கப்படக்கூடியது தமிழ் போன்ற மொழிகளில்தான். ஆங்கில ரசிகர்கள் எதிர்த்தபோது அங்கே நடிகர் சங்கமும் ஊடகமும் துணைநின்றன. சென்னையிலும் சினிமா, தொலைக்காட்சிக் கலைஞர்களோடு டப்பிங் கலைஞர்களுக்கும் சங்கம் இருக்கிறது. ரசிகர்கள் அவர்களோடு நிற்க வேண்டிய இடம் இது. மலிவாகக் கிடைக்கும் உயிரற்ற குரலை நாம் ஒருமுறை ஏற்றுக்கொண்டால், மனிதக் குரலைத் திரும்பக் கேட்டுப்பெறுவது கடினம்.

செய்யக்கூடியவை

முதலில் வேண்டுவது ஜப்பானியத்திலிருந்து நேராகத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்கள். சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற அமைப்புகள் நீண்டகாலமாக ஜப்பானிய மொழி கற்றுத்தருகின்றன. அங்கே கற்போர் பெரும்பாலும் தொழிற்சாலை வேலைக்கும் மென்பொருள் வேலைக்கும் போகிறார்கள். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், ஜப்பானியம் கற்றவர்களுக்குத் தமிழ் வசனம் எழுதும் பயிற்சியை ஒரு பட்டயப் படிப்பாகவே தொடங்கலாம். குடவாசலிலும் நன்னிலத்திலும் அனிமே மேலுள்ள ஆசையால் தாமாகவே ஜப்பானியச் சொற்களைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது ஒரு வாழ்க்கைவழி ஆகும்.

இது நடக்காத கனவல்ல என்பதற்கு எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய வரலாற்றறிஞர், சோழநாட்டு ஊர்களின் நிலவுடைமையை அறியத் தமிழ் கற்று, கல்வெட்டுகளைத் தமிழிலேயே படித்தார். 1995-ல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் அவர்தான். ஒரு ஜப்பானியர் காவிரிக்கரை ஊர்களின் கணக்கை இடைமொழியின்றிப் படிக்க முடிந்தது என்றால், காவிரிக்கரைப் பிள்ளைகள் ஜப்பானியக் கதையை இடைமொழியின்றிக் கேட்பதும் முடியும்.

அடுத்து வேண்டுவன சிறியவை, உடனே செய்யக்கூடியவை. மூலப் பெயர்களை மாற்றாமல் வைப்பது. தொடங்கிய தொடரைப் பாதியில் கைவிடாமல் கடைசி எபிசோட் வரை தருவது. ஒரே பாத்திரத்துக்கு ஒரே குரலை இயன்றவரை காப்பது. மொழிபெயர்ப்பாளர், வசன இயக்குநர், குரல் கலைஞர் ஆகியோரின் பெயர்களை ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் போடுவது. தமிழ் சப்டைட்டில் தருவது. இவற்றில் எதுவும் பெரும் பணம் கேட்பதல்ல. மனம் வைத்தால் நடக்கும்.

டப்பிங் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குக் குடவாசல் தன் விடையை எப்போதோ சொல்லிவிட்டது. தமிழில் வந்ததால்தான் ஜப்பான் இங்கே வந்தது. இனி நாம் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை மூன்று: எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தீர்கள்? யார் குரல் கொடுத்தார்? கதை முழுவதும் வருமா? ஆங்கில ரசிகர்கள் கேட்டுக்கேட்டே தங்கள் டப்பிங்கை டோனட்டிலிருந்து கவ்பாய் பீபாப் வரை நகர்த்தினார்கள். நாமும் கேட்க வேண்டும். தமிழ் டப்பிங்கை ஒதுக்கிவிட்டு அல்ல, அதைப் பார்த்து, காசு கொடுத்து, நல்லதைப் பாராட்டி, குறையைப் பெயர் சொல்லிச் சுட்டிக் கேட்க வேண்டும்.